போல்ட்டை எங்கே விடுவது?

— ஏங்க, அந்தப் பொட்டிய ஒட்டுனது போதும். டேப்ப கீழ வைங்க. என் மொகத்தப் பாத்து ஒரு வார்த்த சொல்லுங்க.

— இன்னா சொல்லணும் மதி? பாத்திரத்த எல்லாம் கட்டி வெக்க சொன்னதே நீதான். அண்ணன் சாயங்காலம் வண்டி எடுத்துகினு வரேன்னு சொல்லிக்கீறாரு.

— பதினோரு நாளு இருக்கு. நீங்க, நான், பூஜா மூணு பேரும் போலந்துக்கு பிளேன் ஏற பதினோரே நாளு. பாத்திரத்துக்கு எடம் பாத்தாச்சி, கட்டிலுக்கு எடம் பாத்தாச்சி. போல்ட்டுக்கு மட்டும் எடம் பாக்கல. அவன் வாசல்ல வாலச் சுருட்டிப் படுத்துக்கிட்டு போற பொட்டியெல்லாம் எண்ணிக்கிட்டு இருக்கான். எனக்குச் சோறு எறங்க மாட்டேங்கு.

— நான்தான் அன்னிக்கே சொல்லிட்டேனே. அவன் வர முடியாதுன்னா நானும் வரல. நீயும் பூஜாவும் போங்க.

— இத நீங்க எத்தன தடவ சொன்னாலும் என்னால கேக்க முடியாதுங்க. ஏழு வயசுப் பிள்ளைய மொழி தெரியாத ஊருல வச்சிக்கிட்டு நான் கம்பெனி பிளாண்டுக்கு வேலைக்குப் போவணுமா? அவளுக்குச் சட பின்னுறது யாரு? காய்ச்சல்னா பக்கத்துல இருக்கது யாரு? அவ நடக்க ஆரம்பிச்சதுலேர்ந்து எல்லாம் நீங்கதான செஞ்சீங்க.

— அதுக்கு போல்ட்ட தெருவுல வுட்டுட்டு வரணுமா? தோ பாரு மதி, அவன் இல்லன்னா இந்த லோகேஷு இல்ல. கம்பெனில பிரஸ் மெசின்ல மாட்டி ரெண்டு வெரலு போனப்போ ஒம்போது மாசம் அந்த ரூம்ல கதவ சாத்திகினு கெடந்தேன். நீ ஷிஃப்ட்டுக்குப் போயிடுவ. பூஜா தவழ்ற கொயந்த, உங்கம்மா கையில. என் கூட யாரு இருந்தது? ஸ்கிராப் யார்டுல, துரு புடிச்ச போல்ட்டு டப்பாவுல கெடந்த குட்டி. செக்யூரிட்டி எடுத்தாந்து குடுத்தாரு. கட்டுப் போட்ட கைய மோந்து மோந்து பாத்துகினு அதும்மேலயே தூங்கும். அது ஒண்ணுக்குப் போவணும்னு கத்துச்சின்னுதான் நான் மொத மொதல்ல கதவத் தெறந்துகினு வெளிய வந்தேன்.

— அத மறக்க முடியுமாங்க எனக்கு? நீங்க வெளிய வந்து நின்ன அன்னைக்கு நான் நைட்டு ஷிஃப்ட்டு முடிஞ்சி வாரேன். தெருமுனையில உங்களயும் குட்டியயும் பாத்து பஸ்ஸ விட்டு எறங்க மறந்துட்டேன். அடுத்த ஸ்டாப்புல எறங்கி அழுதுக்கிட்டே நடந்து வந்தேன்.

— அப்புறம் ஏன் என்னாண்ட வந்து கேக்குற?

— வேற யாருகிட்ட கேக்க? பூனைய வாலாஜாபாத்துல உங்க அக்கா வீட்டுல விட்டோம். ரெண்டே நாள்ல அவுக மடியில ஏறிப் படுத்துட்டு. இவன் அப்படி இல்ல. உங்க அண்ணன் வீட்டுல விட்டுப் பாத்தோமே, மண்ணூருல.

— அத வுடு.

— எப்படி விட? நாலாம் நாளு சங்கிலிய அத்துக்கிட்டு, ஹைவேயில அத்தன கண்டெய்னர் லாரிக்கு நடுவுல பூந்து, விடியக்கால நம்ம வாசல்ல வந்து நின்னான். பாதம் நாலும் கிழிஞ்சி ரத்தம். நாலு நாளும் ஒரு வாயி திங்கலன்னு உங்க அண்ணன் சொன்னாரு. இப்ப நாம இந்த வீட்ட காலி பண்ணிட்டுப் போன பெறகு அப்படி வந்து நின்னான்னா? கதவ யாரு தெறப்பா?

— வூட்டுக்காரம்மா புதுசா வர்றவங்களுக்கு நாயி ஆவாதுன்னுட்டாங்க. கேட்டேன்.

— ஷெல்ட்டருக்குப் போன் பண்ணீங்களா?

— பண்ணேன். எடமே இல்லயாம். கண்ணு தெரியாதது, காலு ஒடஞ்சதுன்னு ஏற்கெனவே நெறய கெடக்குதாம். நல்லா கீற நாய ஏன் சார் கொண்டாந்து தள்றீங்கன்னு அந்தாளு கேட்டான். போன வெச்சிட்டேன். நீ கம்பெனில கேட்டியா? நாலு மாசம் தள்ளி வெக்க சொல்லி?

— கேட்டேன். மேனேஜரு ரூம்புல நின்னு அழுதே போட்டேன். புது லைனு ஜனவரில ஓடணும், நீ இல்லன்னா அடுத்த ஆளு ரெடியா இருக்குன்னு சொல்லிட்டாரு. இங்கன என் லைன மூடிட்டாங்க. நான் போவலன்னா திரும்பி வந்து நிக்க எடம் கெடையாது. நாய்க்காவன்னு சொன்னதும் அவரு சிரிச்சாரு பாருங்க, அத என்னால மறக்க முடியல.

— சிரிப்பானுங்க. அவனுங்களுக்கு இன்னா தெரியும்?

— போலந்துக்காரன் கேக்குற அந்தப் பாழாப்போன ரத்த டெஸ்ட்டுல போல்ட்டு மட்டும் பாஸாயிருந்தா இவ்வளவும் இல்ல. வெறிநோய் ஊசி போட்டு, ஒரு மாசம் கழிச்சி ரத்தம் எடுத்து, வெளிநாட்டு லேபுக்கு அனுப்பி, தவங்கெடந்து... கடசியில எதிர்ப்பு சக்தி போதலன்னு ஃபெயிலு. மறுபடியும் மொதல்லேர்ந்து ஊசி, ரத்தம், மூணு மாசம் காத்துக் கெடக்கணும். எல்லாம் செஞ்சும் இப்படி ஆயிட்டே.

— வுடு மதி. நம்ம நேரம்.

— விட மாட்டேன். நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாம கேளுங்க. எங்க ஊருக்காரரு இசக்கியப்பன்னு ஒருத்தரு இருக்காரு. மீனம்பாக்கத்துல சரக்கு அனுப்புற வேல. நாயி, பூனையெல்லாம் அனுப்பி வச்சிருக்காரு. நேத்து அவருகிட்டப் பேசுனேன்.

— இன்னா சொன்னாரு?

— ஃபெயிலான ரிப்போர்ட்டு இருந்தா குடுங்க, நம்பர மட்டும் மாத்தித் தாரேன்னாரு.

— இன்னாது? கள்ள ரிப்போர்ட்டா? உனக்குப் புத்தி கித்தி கொழம்பிப்போச்சா?

— கொழம்பித்தான் போச்சி. பன்னெண்டு வருசமா குவாலிட்டில வேல பாக்கேன். ஒரு பீசுல கோடு விழுந்திருந்தாக்கூட பாஸ் போட்டது இல்ல. இப்ப நாயி ரிப்போர்ட்டுல நம்பர் மாத்தத் துணிஞ்சிட்டேன். எந்த நெலமைக்கு வந்துட்டேன் பாருங்க.

— மாட்னா இன்னா ஆவும் தெரியுமா? அந்த ஊரு ஏர்போர்ட்டுலயே அவன மடக்கிடுவாங்க. திருப்பி அனுப்புவாங்க, இல்லன்னா ஊசி போட்டு முடிச்சிடுவாங்க. உன் வேலயும் போவும். வேணாம். வேணவே வேணாம்.

— அப்ப வேற வழி சொல்லுங்க! நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டேங்கீங்க. எல்லாத்துக்கும் வேணாம், முடியாது, வுடு. நானும் ஒரு மாசமாப் பாக்கேன், கல்லு மாதிரி பொட்டிய ஒட்டிக்கிட்டு இருக்கீங்க. அந்த ரிப்போர்ட்டு எங்க?

— எந்த ரிப்போர்ட்டு?

— ஃபெயிலான ரிப்போர்ட்டு. இசக்கியப்பன் சாயங்காலத்துக்குள்ள போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்காரு.

— என்னாண்ட இல்ல. டாக்டராண்ட கீது. போன்லதான் சொன்னாங்கன்னு சொன்னேன்ல.

— அப்ப அவுககிட்டயே கேக்கேன்.

— இன்னிக்கு ஞாயித்துக்கெழம. மூடியிருப்பாங்க.

— மத்தியானம் வரைக்கும் இருப்பாக. போர்டுல போட்டிருக்கு.

— மதி, நாளைக்கு நானே போயி வாங்கினு வரேன். போன வையி.

— ரிங்கு போவுதுங்க. இருங்க, ஸ்பீக்கர்ல போடுதேன்.

— மதி, சொன்னா கேளு...

— வணக்கம், பெட் க்ளினிக். சுகப்பிரியா பேசறேன். சொல்லுங்க.

— வணக்கம் மேடம். நாங்க போல்ட்டு வீட்டுலேர்ந்து பேசுதோம். பழுப்பு நாயி, நாட்டு நாயி. போலந்து போறதுக்கு ரத்தம் எடுத்தீங்களே.

— ஆமா ஆமா, போல்ட்டு! லோகேஷ் சாரோட நாய்தானே. ஊசி போடும்போது எங்க பையில இருந்த பிஸ்கட்டை எல்லாம் காலி பண்ணானே. எப்படி இருக்கான்? எப்ப கிளம்புறீங்க?

— அவனுக்கு வந்த ரிப்போர்ட்டு ஒரு காப்பி வேணும் மேடம்.

— சார் வந்து வாங்கிட்டுப் போனாரே? போன மாசமே குடுத்துட்டோம். கையெழுத்துகூட போட்டாரு, இடது கையால. தொலைஞ்சிடுச்சா? பரவாயில்ல மேடம், மெயில்ல இருக்கு, அனுப்பறேன். ஆனா ஒரிஜினல் இருந்தா நல்லது. அதை வெச்சுதான் ஏர்போர்ட்ல சர்டிஃபிகேட் குடுப்பாங்க.

— சர்டிஃபிகேட்டா? ஃபெயிலானதுக்கு எப்படி மேடம் சர்டிஃபிகேட்டு தருவாங்க?

— ஃபெயிலா? யார் சொன்னது? பாயிண்ட் அஞ்சு இருந்தாலே போதும். அவனுக்கு ஒண்ணுக்கு மேலயே இருக்கு. நல்லா பாஸ் மேடம். ரத்தம் எடுத்து மூணு மாசமும் ஆயிடுச்சு. இன்னைக்கே கிளம்பினாலும் அவன் போகலாம். ஹலோ? மேடம்? லைன்ல இருக்கீங்களா?

— இருக்கேன். நான் பெறகு பேசுதேன்.

— மதி.

— பேசாதீங்க.

— மதி, நான் சொல்றத கொஞ்சம்...

— ஒரு மாசம். ஒரு மாசமா இந்த வீட்டுல சாவு விழுந்த மாதிரி இருக்கு. மேனேஜரு முன்னாடி அழுதிருக்கேன். கள்ள ரிப்போர்ட்டுக்கு ஆளு புடிச்சிருக்கேன். அந்தப் பிள்ள நேத்து என்னயக் கேக்கா, போல்ட்ட கொன்னுட்டுத்தான் போவோமாம்மான்னு. எல்லாத்தையும் பாத்துக்கிட்டு நீங்க... அந்த நாயி மண்ணூருலேர்ந்து ரத்தக் காலோட வந்தானே! அப்ப ரிப்போர்ட்டு உங்க கையில இருந்துச்சா?

— இருந்துது.

— இருந்துச்சா!

— அவன் காலுக்கு மருந்து போட்டுகினு இருக்கும்போது சொல்லிடலாம்னு வாயி வரைக்கும் வந்துது. சொல்ல முடியல.

— ஏன்? ஏன் இப்படிச் செஞ்சீங்க?

— போல்ட்டு வர முடியாதுன்னா நீயே போவாம நின்னுடுவன்னு நெனச்சேன். அந்த நாயி மேல உனக்கும் உசுரு. அவன காட்டி உன்ன நிறுத்திடலாம்னு.

— என்னய நிறுத்தணும்னா என்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா.

— இன்னான்னு சொல்ல? பயமா கீதுன்னா? பொண்டாட்டிக்கு வெளிநாட்டுல வேல, புருசனுக்குப் பயம்னா? இங்க எனக்கு ஒண்ணும் இல்ல மதி. கறிக் கடக்காரன், ஸ்கூல் ஆயா, ஆட்டோக்காரன், எல்லாருக்கும் என் கையி தெரியும். யாரும் உத்துப் பாக்குறது இல்ல. எவனும் கேக்குறது இல்ல. அங்க நான் யாரு? கடையில ஒரு ரொட்டி கேக்கத் தெரியாது. நாள் பூரா ஒரு பூட்டுன வூட்டுல. மறுபடி அந்த ஒம்போது மாசம் மாதிரி ஆயிடும்னு...

— ஆவாதுங்க. ஆவ விட மாட்டேன்.

— விசா ஆபீஸுல நீயும் பூஜாவும் மொதல்ல முடிச்சிகினு, ஸ்கூலுக்கு நேரமாவுதுன்னு கெளம்பிட்டீங்க. அப்புறம் என் டோக்கன கூப்ட்டாங்க. மெசின் மேல பத்து வெரலும் வைங்க சார்னு அந்தப் பொண்ணு சொல்லுது. வெச்சேன். செவப்பு லைட்டு. மறுபடி வைங்கன்னுச்சி. வெச்சேன். மறுபடியும் செவப்பு. அது நிமிந்து என் கையப் பாத்துது. பாத்துட்டு வேற ஒருத்தர கூப்ட்டுது. அவரு வந்து என் கையப் புடிச்சி, தூக்கி, திருப்பித் திருப்பிப் பாத்தாரு. பின்னாடி லைன்ல நின்னவங்க அல்லாரும் எட்டி எட்டிப் பாக்குறாங்க. அங்கியே செத்துடலாம்னு ஆயிடுச்சி.

— இத ஏங்க அன்னைக்கே சொல்லல?

— நீ வந்ததும் போலந்து குளிருக்குப் பூஜாவுக்கு ஸ்வெட்டரு பாத்துகினு இருந்த. சிரிச்சிகினு இருந்த. எத்தினி வருசம் ஆச்சி நீ அப்படி சிரிச்சி.

— இங்க வாங்க. கையக் குடுங்க. குடுங்கன்னா. இந்தக் கையிதான என் பிள்ளைய வளத்துச்சி. இதப் பாத்து எவன் என்ன நெனச்சா நமக்கென்ன? நீங்க செஞ்சது தப்பு, பெரிய தப்பு. அதுக்கு உங்ககிட்ட அப்புறம் சண்ட போடுதேன், வருசக்கணக்குல போடுதேன். இப்ப நேரம் இல்ல. போல்ட்டு பாஸுங்க! அவன் வாரான்! ரொட்டி கேக்க நான் சொல்லித் தாரேன். பகல்ல வீட்டுல ஏன் அடஞ்சி கெடக்கீங்க, அவனக் கூட்டிக்கிட்டு நடங்க. நம்ம நாலு பேருமே போறோம். எந்திரிங்க, அவனுக்கு ஏரோப்பிளேன் கூண்டு வாங்கணும். நான் இசக்கியப்பனுக்குப் போன் போட்டு, கள்ளம் கிள்ளம் ஒண்ணும் வேணாம், நேர் வழியிலயே நாயி வருதுன்னு சொல்லுதேன். நாளைக்குக் கூரியர்ல மூணு பாஸ்போர்ட்டும் வந்துட்டுன்னா அவ்வளவுதான், இனி எந்தக் கவலையும் இல்ல. எந்திரிங்க. ஏன் இன்னும் உக்காந்துக்கிட்டு இருக்கீங்க?

— மதி... விசா ஆபீஸுல மூணாவது வாட்டி அந்தப் பொண்ணு கூப்ட்டப்போ நான் கை வெக்கல. என் பாஸ்போர்ட்ட திருப்பி வாங்கிகினு வெளிய வந்துட்டேன். நாளைக்கு ரெண்டு பாஸ்போர்ட்டுதான் வரும்.