இருபத்தொரு சதவீதம்

அக்கா: ...நாற்பது நிமிஷமாடி? உனக்கு முன்னாடி இன்டர்வியூவுக்குப் போனவர் பத்தே நிமிஷத்துல வெளிய வந்துட்டார்.

தங்கை: தண்ணி இருக்கா?

அக்கா: இந்தா. மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு? உள்ள ஏதாவது வாயாடினியா?

தங்கை: கேட்டாங்க, சொன்னேன். வா, வீட்டுக்குப் போலாம்.

அக்கா: நான் நகர மாட்டேன். பிஎச்டி சீட் உண்டா, இல்லையா?

தங்கை: ...இல்லைக்கா.

அக்கா: விளையாடாதே.

தங்கை: இல்லைன்னுட்டாங்க.

அக்கா: அதெப்படி? இந்த லேப்ல யார் செஞ்ச சோலார் செல்லும் வெளிச்சத்துல பதினெட்டு சதவீதத்துக்கு மேல கரண்டா மாத்தினதில்லை. நீ செஞ்சது இருபத்தொண்ணு! நானே விளக்குக்குக் கீழ வச்சு அளந்து...

தங்கை: மெதுவாப் பேசு. கதவு திறந்திருக்கு.

அக்கா: நல்லாக் கேட்கட்டும்!

தங்கை: இருபத்தொண்ணு இல்லைக்கா. பதினேழு.

அக்கா: ...யார் சொன்னா?

தங்கை: போன வாரம் நீ சாப்பிடப் போனப்ப நானே அளந்து பார்த்தேன். துளை போட்ட கறுப்புத் தகட்டை மேல வச்சா பதினேழு. தகட்டை எடுத்தா பக்கத்து வெளிச்சமும் உள்ள புகுந்து இருபத்தொண்ணு காட்டுது. நீ தகடு வைக்க மறந்திருக்கே.

அக்கா: அப்பவே ஏன் என்கிட்ட சொல்லலை?

தங்கை: அதுக்குள்ள விண்ணப்பம் போயிடுச்சு. அதான் இன்னைக்கு நேர்லயே சொல்லிட்டேன்.

அக்கா: வாயை மூடிட்டு இருந்திருக்கலாமேடி! சேர்ந்தப்புறம் மெல்ல...

தங்கை: பொய் நம்பரைத் தலையில வச்சுக்கிட்டு நாலு வருஷம் எப்படித் தூங்குவேன்? அதை நம்பி இன்னும் எத்தனை பேர் உழைப்பாங்க!

அக்கா: சரி, அளந்தது நான்தான்னு சொன்னியா?

தங்கை: பையை எடு, போலாம்.

அக்கா: ஏய், உன்னைத்தான் கேட்கறேன்.

தங்கை: நான் அளந்ததாச் சொன்னேன். அடுத்த மாசம்தான் இந்த லேப்ல உன் வேலையை நிரந்தரமாக்கப் போறாங்க. அதுல நானே மண்ணைப் போடவா?

அக்கா: அடிப்பாவி... அதுக்கு என்ன சொன்னாங்க?

தங்கை: தகடு வைக்கக்கூட ஞாபகம் இல்லாதவங்களை நம்பி எப்படிம்மா ஆராய்ச்சியைக் கொடுக்கறதுன்னாங்க. மரியாதையாத்தான் சொன்னாங்க.

அக்கா: தள்ளு. நான் உள்ள போறேன்.

தங்கை: பைத்தியமா உனக்கு? பத்து வருஷத்துல ஒரே ஒரு தடவை மறந்துட்டே. அதுக்காக வேலையை விடுவாங்களா? மறதி யாருக்குத்தான் வராது?

அக்கா: மறக்கலைடி. போன தடவை இடம் இல்லைன்னு கடிதம் வந்தப்ப, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுதியே... என்னால தாங்க முடியலை. தகடு என் கையிலதான் இருந்துச்சு.