இடைவேளையிலேயே வந்த தீர்ப்பு

அந்த மூணாவது வரிசை அண்ணன் இப்ப கேட்டாரே... "இப்பப் பாத்த படத்து ஹீரோ நல்லவரா, கெட்டவரா? ஒரே வார்த்தையில சொல்லுங்க!" அட ஏன்யா என் உசுர வாங்குறீங்க? ஒரே வார்த்தையில சொல்றதுக்கு எதுக்குய்யா ரெண்டரை மணி நேரப் படம்? கொஞ்சம் பொறுங்க, சங்கரன்கோவில்ல நடந்த ஒண்ணைச் சொல்றேன். சின்னதுதான்.

அங்க ஒரு திரைப்படச் சங்கம். நல்ல படமாத்தான் போட்டாங்க. லாரி டிரைவர் ஒருத்தன். பக்கத்துல பொண்டாட்டி பிரசவ வலியில துடிக்கிறா. வழியில ஒரு ஆளை அடிச்சிடுறான். நிறுத்தாம போயிடுறான். அந்த ஆள் ரோட்டுலயே செத்துப் போறாரு.

படம் முடிஞ்சதும் என்ன செய்யணும்? பேசாம வீட்டுக்குப் போயி யோசிக்கணும். நம்ம ஆளுங்க என்ன செஞ்சாங்க? பட்டிமன்றம் வச்சாங்க! "டிரைவர் நல்லவனே!" "டிரைவர் கெட்டவனே!" தலையில அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு. நடுவர் எந்திரிச்சாரு. கெட்டவன் அணிக்குத்தான் கைதட்டல் ஜாஸ்தி. "எனவே... கெட்டவனே என்று தீர்ப்பளிக்கிறேன்!"

அப்ப பேச்சியம்மாள்னு ஒரு அம்மா எந்திரிச்சாங்க. சத்துணவுக்கூடத்துல சமைக்கிறவங்க.

"அய்யா, எந்தம்பியும் இப்படித்தான் ஒரு ஆளை இடிச்சிட்டு ஓடிட்டான். வெள்ளிக்கிழமை ஜெயில்லருந்து வாரான். வீட்டுல சேக்கவா, வேண்டாமான்னு தெரியாம தூக்கமே இல்லய்யா. கடைசில அந்த டிரைவர், செத்தவரு வீட்டு வாசல்ல போயி நின்னானே... அவரு பொண்டாட்டி என்ன செஞ்சா? எனக்கு முன்னால இருந்தவங்க எந்திரிச்சு நின்னு சத்தம் போட்டதுல ஒண்ணும் பாக்க முடியல."

நடுவர் மைக்கைக் கீழ இறக்கினாரு. "அது வந்தும்மா... தீர்ப்பு தயார் பண்ணணும்னு... நான் இடைவேளையிலேயே வெளிய போயிட்டேன்."

கேட்டீங்களா கூத்தை? பாதிப் படத்துக்கு முழுத் தீர்ப்பு!

சரி, ரெண்டு அணியில யாராச்சும் சொல்லுங்கன்னா... ஒருத்தருக்கும் தெரியல. வாதாடுறதுக்குக் குறிப்பு எடுத்துக்கிட்டு இருந்திருக்காங்க! அப்புறம் அந்தக் கடைசிக் காட்சியை மறுபடி போட்டாங்க. டிரைவர் வாசல்ல நிக்கிறான். அந்தப் பொம்பள கத்துறா... அழுறா... மண்ணை வாரித் தூத்துறா... ஆனா கதவைச் சாத்தல.

அவ்வளவுதான் படம். பேச்சியம்மாள் கண்ணைத் தொடச்சுக்கிட்டு, "திட்டிக்கிட்டே சேத்துக்கலாம் போலய்யா"ன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டாங்க.

இப்பப் புரியுதா அண்ணே? அவன் செஞ்சது தப்புன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அந்த அம்மாவுக்கும் தெரியும். அதைச் சொல்லவா ஒருத்தன் கஷ்டப்பட்டுப் படம் எடுக்குறான்? தப்பு செஞ்சவனோட எப்படி வாழுறதுன்னு தவிக்கிறவங்களுக்கு எடுக்குறான்யா! தீர்ப்பு சொல்லுங்க, வேண்டாங்கல. அதுக்கு முன்னால தயவு பண்ணி... அந்த மனுசனைக் கடைசி வரைக்கும் பாருங்கய்யா.