யாக்கோபு சிவப்பு

இப்போது தோப்புக்கு வருகிறவர்களுக்கு ஆப்பிளைத் தின்னத் தெரியவில்லை. கையில் வாங்கியதும் படம் எடுக்கிறார்கள், ஒரு கடி கடித்துவிட்டுப் புல்லில் எறிகிறார்கள். எங்கள் ஸ்வாபியப் பக்கத்தில் அடிபட்ட பழத்தைக்கூட எறிய மாட்டோம். பிழிந்து பீப்பாயில் ஊற்றினால் புளித்து மதுவாகிவிடும்.

ஃபோல்மர் அப்படிப்பட்டவர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். மரியாதையாகத்தான் தின்றார்.

பழத்தைப் பார்த்து வகையைச் சொல்கிற நிபுணர் அவர். பழைய மரங்களைக் காப்பாற்றுகிற சங்கம் அனுப்பி, அக்டோபரில் என் தோப்புக்கு வந்தார். நேராக யாக்கோபு மரத்தடிக்குக் கூட்டிப்போனேன். என் கொள்ளுத்தாத்தா யாக்கோபு விதை போட்டு உண்டாக்கிய வகை, பெயரே யாக்கோபு சிவப்பு. உலகத்தில் வேறெங்கும் இல்லை. எங்கள் குடும்பத்துக்கு ஊரில் இருக்கும் மதிப்பே அதுதான்.

ஃபோல்மர் பழத்தை வெட்டினார். விதைகளை உள்ளங்கையில் எடுத்து, தன் பெட்டியில் இருந்த விதைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சிரித்தார்.

"வருத்தப்படாதீங்க பெரியவரே. இது ரைன் ஆத்துக்கு அந்தாண்ட வேலிக்கு வேலி நிக்கிற பழம். உங்க கொள்ளுத்தாத்தா அங்கேருந்து ஒரு குச்சியை ஒடிச்சிட்டு வந்து ஒட்டுக் கட்டியிருப்பார். கெட்டிக்காரர்தான்."

"எங்க ஆளு எவன் மரத்துலயும் கை வெச்சதில்ல."

"அட, ஆப்பிள் திருடாத தாத்தா யாருக்குத்தான் இருக்கார்? ஞாயித்துக்கிழமை ஊர்க் கூட்டத்துல நான் நயமா சொல்லிடறேன், விடுங்க."

நான் கோபப்படவில்லை. தாகமா என்று கேட்டேன். நிலவறையில் கடைசிப் பீப்பாயில் போன வருஷத்து மது இருக்கிறது, நீங்களே பிடித்துக் குடியுங்கள் என்றேன்.

மற்ற பீப்பாய்களில் புதுச்சாறு புளித்துப் பொங்கிக்கொண்டிருந்தது. பொங்குகிற சாறு விடும் காற்று தரையோடு தேங்கி நிற்கும், ஆளைக் கொல்லும். அதனால் எங்கள் ஊரில் மெழுகுவத்தி ஏற்றி, முன்னால் நீட்டிக்கொண்டுதான் இறங்குவோம். சுடர் அணைந்தால் திரும்பிவிட வேண்டும்.

கதவோர மாடத்தில் இருந்ததை அவர் பார்த்துவிட்டார். "இந்த மெழுகுவத்தி எதுக்கு?"

"கரண்டு போனா ஏத்திக்க. உள்ள பல்பு எரியுது, போங்க."

நிலவறை ஜன்னல் சாத்தியிருந்தது. கைக்கு எட்டுகிற தூரம்தான். நான் திறக்கவில்லை.

ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். பாட்டு நின்றது. கோப்பை உருண்டது. விழுந்தவன் பின்னால் இன்னொருவன் இறங்கக்கூடாது என்று எங்களுக்குச் சின்ன வயதிலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள். அந்த விதியை நான் மீறியதில்லை. கதவைச் சாத்திவிட்டு, ஏணியை எடுத்துக்கொண்டு மிச்சப் பழத்தைப் பறிக்கப் போனேன். மழை வரும்போல் இருந்தது.

போலீஸ்காரர்கள் விபத்து என்று எழுதப் போனார்கள். நான்தான் தடுத்தேன். யாக்கோபு வீட்டான் மெழுகுவத்தி கொடுக்க மறந்தான் என்று எழுதினால் என் குடும்பத்துக்கு என்ன மரியாதை? மறக்கவில்லை, சாகட்டும் என்றுதான் அனுப்பினேன் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

என்னை விசாரித்த அதிகாரியம்மாள் பிடிவாதக்காரி. ஆற்றுக்கு அந்தாண்டைப் பழம் ஒன்றைத் தருவித்து, எங்கள் பழத்தோடு அறுத்து ஒரே தட்டில் வைத்தாள். "உங்களுது எது, சொல்லுங்க தாத்தா."

இரண்டையும் தின்றேன். இனிப்பாக இருந்ததைக் காட்டினேன். எங்கள் மண்ணின் ருசி எனக்குத் தெரியாதா.

அவள் அதைக் குறித்துக்கொண்டாள். பிறகு, "அது அந்தாண்டைப் பழம், தாத்தா," என்றாள்.

நான் பார்க்காதபோது தட்டைத் திருப்பி வைத்திருக்கிறாள். படித்தவர்கள் எல்லாரும் ஒரே கூட்டம். காவலரோடு எழுந்து நடந்துவிட்டேன்.