காடை என்று சொன்ன குரல்

— இன்னொரு தடவை போடும்மா.

— மூணு தடவை கேட்டுட்டீங்க அக்கா. ஹெட்ஃபோன் காதை அழுத்தலையா?

— அழுத்தட்டும். உங்க பதிவறையில கடிகாரமே கிடையாதா? எப்பவும் விடியக்காலையாவே இருக்கு.

— ஜன்னலும் கிடையாது. வெளியில வெயில் கொளுத்தும், எங்களுக்கு இங்க பனி பெய்யும்... போடறேன்.

— ம்... புல்லு. காத்து. இப்பப் பேசுவார் பாரு... "காடை. காலை அஞ்சு பத்து." போய்ச் சேர்ந்து ஒரு வருஷமாச்சு. இன்னும் என் வீட்டுக்காரர் நேரம் தவறாம எழுந்துக்கிறார்.

— அதுக்கப்புறம்தான் பறவை. கேக்குதா? மூணு மூணா, எண்ணெய் காணாத கதவு மாதிரி. அது கௌதாரி.

— காடை எப்படிக் கத்தும்?

— இருங்க, வேற பதிவு போடறேன்... இதுதான்.

— தண்ணி சொட்டுற மாதிரில்ல இருக்கு. தூங்கும்போது யாரோ தொட்டுட்டுப் போன மாதிரி.

— ஆளே சின்னது அக்கா. உள்ளங்கையில அடங்கிடும். கௌதாரி நம்மளைக் கண்டா முதல்ல ஓடத்தான் பார்க்கும். காடை அப்படியே படுத்துக்கும். மிதிக்கப் போற நேரத்துல காலடியிலருந்து படார்னு கிளம்பும்.

— முட்டை?

— கௌதாரி முட்டை ஒரே வெளிர் நிறம். காடை முட்டையில மை தெளிச்சிருக்கும்.

— இவ்வளவு வித்தியாசமா? ரெண்டு நிமிஷத்துல எனக்கே புரியுது. முப்பது வருஷம் புதருக்குப் புதர் மைக்கைத் தூக்கிட்டு அலைஞ்ச மனுஷனுக்குப் புரியலையா?

— யானைக்கும் அடி சறுக்கும் அக்கா.

— சறுக்கும். பக்கத்துல ஆள் இருந்தா இன்னும் நல்லாச் சறுக்கும்.

— ...அந்தக் காகிதத்துல கையெழுத்துப் போட்டுடலாமா? சார் எங்க பறவைக்குரல் காப்பகத்துக்குக் கொடுத்த பதிவு. அவருக்கு அப்புறம் நீங்கதான் சொல்லணும். சரின்னா பெயரைக் கௌதாரின்னு மாத்திடுவோம்.

— மாத்தினா அவர் குரல்?

— முதல் எட்டு நொடியை வெட்டணும். தப்பான பெயர் பதிவுல இருக்கக் கூடாதாம். நீங்க வேண்டாம்னு எழுதிக் கொடுத்தா தொட மாட்டாங்க.

— உனக்கு எது இஷ்டம்?

— எனக்கென்ன அக்கா... நான் பட்டியல் எழுதுறவ.

— சரி. அந்த எட்டு நொடியிலருந்து போடு. சத்தத்தைக் கூட்டி வை.

— ம்.

— கேட்டியா? அவர் வாயைத் திறக்கிறதுக்கு முன்னால ஒரு மூச்சு. அவரோடது இல்ல.

— காத்தா இருக்கும்.

— காத்துக்கு எப்பம்மா ஜலதோஷம் பிடிச்சுது?

— சத்தத்தைக் குறைக்கட்டுமா அக்கா?

— தனியாப் போறேன்னுதான் சொன்னார். நானும் ஃபிளாஸ்க்ல ஒரு ஆளுக்குத்தான் டீ ஊத்திக் கொடுத்தேன்.

— அக்கா...

— கோவமாக் கேக்கல. இந்தப் புல்லுச் சத்தத்துக்குள்ள உட்கார்ந்துக்கிட்டுக் கோவப்படவும் வரல. கூட யார் இருந்ததுன்னு மட்டும் சொல்லு.

— பதிவு முடிஞ்சிடுச்சு. வேணும்னா திரும்ப...

— வேண்டாம். சும்மாவே இருக்கட்டும்.

— ...நான்தான் அக்கா. வேலையில சேர்ந்து ரெண்டாவது மாசம். இருட்டுல அந்தச் சத்தம் வந்ததும், எல்லாம் தெரிஞ்சவ மாதிரி 'காடை'ன்னு அவர் காதுல சொன்னேன். அவருக்குத் தெரியும், அது இல்லன்னு. திரும்பி என்னைப் பார்த்தார்... எவ்வளவு நேரம்னு தெரியல. அப்புறம் மைக்கைக் கிட்ட இழுத்து, நான் சொன்னதையே சொன்னார்.

— நேத்தே எழுதிக் கையெழுத்துப் போட்டு என் பையில வச்சிருக்கேன்மா, வெட்ட வேண்டாம், காடைன்னே இருக்கட்டும்னு. என் வாயில வந்த ஒரு தப்பைக்கூட அந்த மனுஷன் திருத்தாம விட்டதில்ல... அவரால ஒருத்தர் தப்பைத் திருத்தாம விடவும் முடிஞ்சிருக்கான்னு தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்.