ஆமை மாமா தலையாட்டணும்

இல்லங்கய்யா, நீங்க பேச வேணாம். கழுத்துல கட்டு இருக்கறதே தெரியாம நான்பாட்டுக்குக் கதவைப் போட்டுத் தட்டிட்டேன். படியேறி வந்த வேகத்துல மூச்சு வாங்குது, ஒரு நிமிஷம். உள்ள வரலங்க, இங்கயே நிக்கிறேன், செருப்பெல்லாம் சேறு. சரிங்க, வரேன். அந்த நாற்காலில துணி காயுது, எடுக்க வேணாம், இந்த ஸ்டூல் போதும்.

சிலேட்டா? எழுதுங்க எழுதுங்க. அஞ்சாவது வரைக்கும் போயிருக்கேன், எழுத்துக் கூட்டிப் படிச்சிருவேன். கொஞ்சம் நேரமாகும், அதுக்குள்ள அழிச்சிராதீங்க. யா...ர் அனு...ப்பி... யாரும் அனுப்பலங்க. கம்பெனிலேர்ந்து வரல. பத்திரிகைக்காரியும் இல்ல, என்னைப் பாத்தா அப்படியா தெரியுது. உங்க ரசிகருங்க கூட்டம் போடுறாங்கள்ல, அங்க போயிருந்தேன். அங்கதான் இந்த வீட்டை விசாரிச்சேன்.

கதவைக் காட்டாதீங்கய்யா. போட்டோ எடுக்க வரல, என்கிட்ட இருக்கறது பட்டன் போனு. நான் இப்படி யார் வீட்டுப் படியும் ஏறினவ இல்ல. பஸ்ல நான் இறங்குற இடம் வந்தாக்கூட சத்தமா சொல்ல மாட்டேன், அடுத்த ஸ்டாப்ல இறங்கித் திரும்பி நடந்து வருவேன். அப்படிப்பட்டவ வந்திருக்கேன். சொல்லி முடிச்சுட்டு நானே போயிடறேன்.

ஆமை மாமா விஷயமாத்தாங்க. சாயங்காலமானா எங்க வீட்டு டிவில ஆமை மாமாதான். அந்தப் பொம்மைய நீங்க கைய உள்ள விட்டு ஆட்டுனதுன்னு எனக்கு அப்பத் தெரியாது, ஏதோ மோட்டார் வச்சு ஆட்டுறாங்கன்னு நெனச்சிருந்தேன். எங்க டிவி பாதி விலைக்கு வாங்குனது, ஸ்பீக்கர் செத்துப்போனது. படம் மட்டும் கண்ணாடி மாதிரி இருக்கும். எம் பொண்ணு அதுக்கு முன்னாடி சம்மணம் போட்டு உக்காந்தான்னா இடி விழுந்தாலும் திரும்ப மாட்டா. அஞ்சு வயசு.

கூட்டம்னு சொன்னாங்களா, சரி, சின்னப் பிள்ளைங்க நெறய இருக்கும்னு பிஸ்கட் பாக்கெட் வாங்கிட்டுப் போயிட்டேன். போய்ப் பாத்தா ஜெராக்ஸ் கடைக்கு மேல ஒரு ரூமு, பூராவும் தலை நரைச்ச ஆளுங்க. ஒருத்தர் பேங்க் மேனேஜராம். மடியில குட்டி ஆமை பொம்மை வச்சிருக்காரு, குழந்தை மாதிரி தட்டிக் குடுக்குறாரு. நான் பிஸ்கட்டை முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டு பின்னாடி போய் உக்காந்துட்டேன்.

நீங்க போனப்புறம் கம்பெனி எடுத்த புது எபிசோடைச் சுவத்துல போட்டு, நிறுத்தி நிறுத்தி, பிரேதப் பரிசோதனை மாதிரி பண்றாங்கய்யா. ஓடு இப்ப கிளிப்பச்சையாம், முன்னாடி பாசிப்பச்சையாம். ஆமைக்கு ஏதுய்யா புருவம்னு ஒருத்தர் மேசையைத் தட்டுறாரு. ஒரு பல் டாக்டரு, பல்லே இல்லாத பிராணிக்குப் பல்லு வச்சுட்டான், என் தொழிலுக்கே அவமானம்ங்கறாரு. ஒரு அம்மா, ஆமை ஓடுதுங்க, ஆமை ஓடலாமான்னு கேட்டுட்டு மூக்கைச் சிந்தறாங்க. அப்புறம் ஓட்டுல கட்டம் பதினொண்ணா பதிமூணான்னு ரெண்டு பேருக்கு முட்டிக்கிச்சு. சட்டையப் பிடிக்காத கொறைதான். எத்தனைங்கய்யா? பதிமூணா. அப்ப மேனேஜர்தான் ஜெயிச்சாரு. பாவம், அன்னிக்கு அவர் வாயை அடக்கிட்டாங்க.

சிரிக்காதீங்க, கழுத்து வலிக்கப் போகுது.

நான் எந்திரிச்சுக் கேக்கலாம்னு கையத் தூக்குனேங்க. பாதி தூக்கறதுக்குள்ள பக்கத்துல இருந்தவரு டம்ளரைக் கையில குடுத்து, சக்கரை கொஞ்சம் கம்மிம்மா அப்படின்னாரு. டீ குடுக்க வந்தவன்னு நெனச்சுட்டாரு. நானும் கீழ போயி சக்கரை வாங்கியாந்து போட்டுக் குடுத்தேன். என்ன பண்றது, அப்படியே பழகிப்போச்சு. திரும்பி வந்தா உங்க குரலைப் போட்டுக் கேட்டுட்டு இருக்காங்க. பழைய குரலு. ரூமே கண்ணைத் தொடைக்குது. புதுக் குரல் சோப்பு விக்கிற குரலாம். நீங்க கோவிச்சுக்கிட்டுப் போயிட்டீங்கன்னு ஒருத்தர் சொல்றாரு, தலைக்கனம்னு இன்னொருத்தர் சொல்றாரு. குரல் திரும்பி வர்ற வரைக்கும் விடக்கூடாதுன்னு எல்லாரும் கையத் தட்டுனாங்க. உங்களுக்கு இப்படின்னு அங்க ஒருத்தருக்கும் தெரியலங்கய்யா. எனக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் வந்துதான் இருப்பேன்.

என்ன எழுதுறீங்க. கு...ரல் போ...ச்சு. இனி நான் எது...க்கு. எதுக்கா? இருங்கய்யா, அதைச் சொல்லத்தானே வந்தேன். அவசரப்படாதீங்க. நான் வேற அவசரத்துல வந்திருக்கேன். மருந்து வாங்கப் போறேன்னு மாமியாரைக் கட்டில் பக்கத்துல உக்கார வச்சுட்டு வந்தேன். அவங்களுக்கு முட்டி வலி, சுடுசொல்லும் ஜாஸ்தி. இந்நேரம் என்னைக் கரிச்சுக் கொட்டிட்டு இருப்பாங்க.

ஆஸ்பத்திரிலதாங்க. பொண்ணுதான்.

அவ சாப்பாட்டுக்கு எப்பவும் மல்லுக்கட்டுறவ. கைக்குழந்தையா இருக்கும்போதே அப்படித்தான், வாய்கிட்ட எதக் கொண்டுபோனாலும் முகத்தத் திருப்பிப்பா. பேய் ஓட்டுற மாதிரி தெனம் மூணு வேளை. ஒரு நாளு ஆமை மாமா வந்துச்சு. கடைசில அந்த இலை தின்னுற இடம் வரும்ல. துணி இலைய ஒரு கடி கடிக்கும். மெல்லும். முழுங்கும். முழுங்குனது கழுத்துல கீழ எறங்கறதுகூடத் தெரியும். அப்புறம் கழுத்த ஒரு பக்கமா சாச்சு நம்மளப் பாத்துக்கிட்டே இருக்கும். சும்மா பாத்துக்கிட்டே இருக்கும். நீ இன்னும் முழுங்கலையான்னு கேக்குற மாதிரி. அப்புறம் மெதுவா ஒரு தலையாட்டு. அடுத்த கடி. எம் பொண்ணு அதக் கண்டு வாயத் தொறந்தா பாருங்க. நான் ஊட்டுவேன், அவ மெல்லுவா, அது தலையாட்டுனதும் முழுங்குவா. ஒரு தட்டு காலி. அன்னிலேர்ந்து அந்த ஒரு வேளைதாங்க அவ ஒழுங்காத் தின்னது. அதுலதான் அவ வளந்தா. நீங்க வளத்த பிள்ளைன்னு வச்சுக்கங்க.

அப்புறம் புது ஆமை வந்துச்சு. ஓடு பச்சையோ மஞ்சளோ, அவ கண்டுக்கல. பல்லையும் கண்டுக்கல. இலை தின்னுற இடம் வந்துச்சு. ஒரே கடி, உடனே எந்திரிச்சு ஆட ஆரம்பிச்சிருச்சு. கழுத்து சாயல. தலையாட்டல. இவ வாய்ல இருக்கு. முழுங்கல. அது தலையாட்டட்டும்னு காத்திருக்கா. படம் முடிஞ்சு வேற என்னமோ விளம்பரம் ஓடுது, கன்னம் ரெண்டும் உப்பிப்போயி அப்படியே உக்காந்திருக்கா. நான் கன்னத்தத் தடவுறேன், தண்ணி குடுக்கறேன், ம்ஹும். மறுநாளும் அப்படித்தான். அதுக்கடுத்த நாளும். வாய்ல வச்சுக்கிட்டே தூங்கிட்டா போலிருக்கு. அது மூச்சுக்குழல்ல போயி, நெஞ்சுல சளியா கட்டி, காய்ச்சல் கொதிக்கக் கொதிக்கத் தூக்கிட்டு ஓடுனேன்.

அந்த ரசிகருங்க கூட்டத்துல முதுகுல ஓடு மாதிரி பையி மாட்டிட்டு ஒரே ஒரு சின்னப் பொண்ணு இருந்துச்சுங்க. அதுதான் சொல்லுச்சு, இலை தின்னுற இடத்தயும் வெட்டிச் சுருக்கிட்டாங்கன்னு. அதுக்கு அந்தப் பல் டாக்டரு, அது பரவால்லம்மா, அது குழந்தைங்களுக்கு உள்ள இடம், நமக்கு முக்கியமில்லன்னுட்டாரு. எல்லாரும் ஆமான்னுட்டு மறுபடியும் புருவத்துக்குப் போயிட்டாங்க. நான் அந்தப் பொண்ணைப் படிக்கட்டுல மறிச்சுத்தான் உங்க வீட்டைக் கேட்டேன். அவரு யாரையும் சேக்க மாட்டாரு, போகாதீங்கக்கான்னுதான் சொல்லுச்சு. பிஸ்கட் பாக்கெட்டை அதுகிட்டயே குடுத்துட்டேன்.

இப்ப சளி போயிருச்சுங்க. தொண்டையில ஒண்ணுமில்ல, எல்லாம் பாத்துட்டோம், பிள்ளை முழுங்க மாட்டேங்குது அவ்ளோதான்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. மூக்குல குழாய் வச்சாங்க. பிடுங்கிட்டா. மறுபடி வச்சாங்க, மறுபடி பிடுங்கிட்டா. கையக் கட்டி வச்சிருக்காங்க, அப்பவும் தலைய ஒதறித் தள்ளிடறா, அதப் பாக்க முடியலங்கய்யா. நாளைக்குக் காலையில வயித்துல ஓட்டை போட்டு அது வழியா குழாய் விடணுங்கறாங்க. உடம்புல தெம்பே இல்ல, மயக்க மருந்து தாங்குமான்னு கேட்டா, பாக்கலாங்கறாங்க. பாக்கலாம்னா என்னங்கய்யா அர்த்தம். எங்க வீட்டுக்காரரு லாரியில எங்கயோ இருக்காரு, போன் பண்ணா டாக்டர் சொல்றதக் கேளுங்கறாரு. நான் டாக்டரம்மா கால்ல விழாத குறை. ஒரு வாய், ஒரே ஒரு வாய் அவளா முழுங்கிட்டான்னா தள்ளிப் போடலாம்மா, அப்படின்னாங்க. ஒரு வாய்க்குத்தாங்க அலையுறேன்.

பழ...சு போ...ட்டு... பழசைப் போட்டுக் காட்டக் கூடாதான்னுதானே? காட்டுனோம். நர்ஸக்கா அவங்க போன்ல தேடி எடுத்துக் குடுத்தாங்க. கண்ணத் தொறந்தாத்தானேங்க. இறுக்கி மூடிட்டுக் கெடக்கா. அவளுக்கு எல்லார் மேலயும் கோவம். இமைய நான் விரலால தூக்குனா, கருவிழிய மேல ஏத்திக்கறா.

அப்புறம் நானே ஒண்ணு பண்ணேங்க. சொன்னா சிரிப்பீங்க. எங்க வீட்டுக்காரரோட பழைய காலுறை ஒண்ணு, பச்சைக் கலரு. துவைச்சுக் கையில மாட்டிக்கிட்டேன். ரெண்டு பட்டன் தெச்சுக் கண்ணு வச்சேன். ஆமை மாமா தின்னுறதுக்கு முன்னாடி மூக்கால மேசைல டொக்கு டொக்குன்னு ரெண்டு தட்டு தட்டும்ல, அதே மாதிரி அவ உள்ளங்கையில தட்டுனேன். கண்ணத் தொறந்தாங்க. தொறந்து பாத்தா. அத்தன நாளைக்கப்புறம் பாத்தா. எனக்கு உசுரே வந்துச்சு. கழுத்தச் சாச்சேன். நான் சாச்சது எப்படி இருந்துச்சோ, கழுத்து சுளுக்குன கோழி மாதிரிதான் இருந்திருக்கும். ஒரு பார்வை பாத்தா. உதட்டப் பிதுக்குனா. முகத்தத் திருப்பிக்கிட்டா. அவளும் உங்க ரசிகருங்க மாதிரிதாங்க, போலின்னு ஒரு நொடியில கண்டுபிடிச்சிட்டா.

மறுபடியும் எழுதுறீங்களா. மெதுவா. கண்ண மூ...டினா என்ன... கா...துல... என் பழைய குரலக் காது...ல வை...

காதுலயா?

சொல்லலையா நானு? அய்ய, அதச் சொல்லாமயே இவ்ளோ நேரம் பேசிட்டேனா. வாசல்ல நிக்கறப்பவே சொல்லிட்டேன்னு நெனச்சேன். அவளுக்குக் காது கேக்காதுங்கய்யா. பொறந்ததுலேர்ந்தே. அதனாலதானே ஸ்பீக்கர் செத்த டிவிய வாங்குனோம், எங்களுக்கு அது போதும்ல. உங்க குரலு எப்படி இருக்கும்னு அவளுக்குத் தெரியவே தெரியாது. எனக்கே அன்னிக்கு ஜெராக்ஸ் கடை மாடியிலதான் தெரியும். நல்ல குரல்தான், இல்லைங்கல. ஆனா நான் அதுக்கு வரல.

நான் கைக்கு வந்தேன்.

அழாதீங்கய்யா. நீங்க அழுதா நான் என்ன பண்ணுவேன். பொம்மை கம்பெனிலதான் இருக்குன்னு அந்தப் பையிப் பொண்ணு சொல்லுச்சு, எனக்குத் தெரியும். ஓடு வேணாம். பதிமூணு கட்டமும் வேணாம். இந்தாங்க, இதக் கொண்டாந்திருக்கேன். காலுறைதான், ரெண்டு தடவை துவைச்சாச்சு. பட்டன் ஒண்ணு லூசாயிருக்கு, நாம ஆஸ்பத்திரிக்கு பஸ்ல போறப்ப இறுக்கித் தெச்சுருவேன், ஊசி வச்சிருக்கேன். ஒரு வாட்டி மாட்டிப் பாருங்களேன். சும்மா. உங்க கைக்கு வருதான்னு பாக்கத்தான். வரலன்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், எந்திரிச்சுப் போயிடறேன்.

கை நடுங்குதே. பரவால்ல. ஆமைதானே, நடுங்குனா நடுங்கட்டும்.

ஆங்.

அட.

மேசையத் தட்டுறீங்களா. ரெண்டு தட்டு. அதேதாங்க. இலை இல்லையே, ம், இருக்கற மாதிரி கடிக்கிறீங்க. மெல்லுறீங்க. எறங்குது பாருங்க, கழுத்துல எறங்குது. என்னோட காலுறைதானா இது.

என்னைய ஏங்கய்யா பாக்குது? கழுத்தச் சாச்சுக்கிட்டு இப்படிப் பாத்தா நான் என்ன சொல்ல.

இல்ல மாமா. நானும் இன்னும் சாப்பிடல.