கரைக்கு மட்டும் விலக்கு

நீங்கள் கடற்கரை மணலில் பந்து விளையாடியிருக்கிறீர்களா? விளையாடியிருந்தால் தெரியும், அங்கே பந்து எழும்பாது. விழுந்த இடத்தில் அப்படியே கிடக்கும். நாம்தான் அதன் பின்னால் போக வேண்டும். கால் புதையும், மூச்சு வாங்கும். அப்படி விளையாடிப் பழகியவனைப் புல் தரையில் கொண்டுபோய் விட்டால் யாராலும் பிடிக்க முடியாது. குளச்சலுக்கு மேற்கே இருக்கிற எங்கள் ஊர்ப் பையன்களைக் கேரளாவிலிருந்து, அணிக்கு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் ஆட்டத்துக்குத் தேடி வந்து கூட்டிப்போவது அதனால்தான்.

என் பெயர் ஆன்ட்ரூஸ். கடல் தொழில். எங்கள் ஊர்க் கால்பந்துக் கழகத்துக்குச் செயலாளராகவும் இருந்தேன். இப்போது பஹ்ரைனில் ஓர் அரபியின் படகில் வேலை பார்க்கிறேன். நடந்ததை என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று தெரியாது. கேட்காததால் சொல்ல முடிகிறது.

எங்கள் கழகத்தில் ஒன்றும் கிடையாது. கோல் கம்பம் சவுக்குக் கம்பு, அதில் கட்டியது கிழிந்த மீன்வலை. வெளியூர் ஆட்டத்துக்கு மீன் வண்டியில்தான் போவோம். ஒருமுறை மண்டைக்காட்டுப் பக்கம் ஆடப் போனபோது வண்டியிலிருந்து பையன்கள் குதிக்கக் குதிக்க, வேடிக்கை பார்த்த ஒருவன், "ஏலே, மீன் வந்துட்டு, சீக்கிரம் ஐஸ் போடுங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் பையன்களும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

அந்த வருஷம்தான் நாகர்கோவிலிலிருந்து ஸ்ரீஜித் வந்தார். மணல் கம்பெனியில் ஊர்க்காரர்களோடு பேசிப் பழகுவதற்கென்றே வைத்திருந்த ஆள். எங்கள் கரையிலும் பக்கத்துக் கரைகளிலும் கதிர்வீச்சுள்ள தாது கலந்த கறுப்பு மணலை அள்ள அந்தக் கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. ஊரே எதிர்த்து நின்றது. ஆனால் ஸ்ரீஜித் என்னிடம் மணலைப் பற்றிப் பேசவே இல்லை. "பிள்ளையள் நல்லா ஆடட்டும் அண்ணாச்சி. சட்டையில எங்க பேரு கெடக்கும், அவ்வளவுதான்" என்றார். கேட்பதற்கு ஞாயமாக இருந்தது. இரும்புக் கோல் கம்பம் வந்தது. பூட்ஸ் வந்தது. நெஞ்சில் கம்பெனி பெயர் போட்ட மஞ்சள் ஜெர்சிகள் வந்தன. கண் கூசுகிற மஞ்சள். ஜெயிக்கிற சந்தோஷத்தில் அதில் எழுதியிருந்ததை ஊர் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்கு ஒரு எஞ்சினும் வந்தது. படகில் மாட்டுகிற புது எஞ்சின். நான் கேட்கவில்லை. தந்தார்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை.

அதை வண்டியிலிருந்து இறக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. சிஜினைக் கூப்பிட்டேன். சிஜின் கழகத்துக் கேப்டன், என் கடைசித் தங்கை லிஜாவின் கணவன். எஞ்சினைத் தோளில் வாங்கிக்கொண்டே, "மச்சான், கிளப்புக்கு எஞ்சின் எதுக்கு? பந்தைக் கடல்லயா ஓட்டப் போறோம்?" என்றான்.

"கம்பெனிக்காரன் எனக்குத் தனியா தந்தது மாப்பிள. வெளிய பறையாத."

"நான் எதுக்குப் பறையுதேன்" என்றான். சொல்லவும் இல்லை. கரையில் கேட்டவர்களிடம் மானியத்தில் வந்த எஞ்சின் என்று நான் சொன்னபோது பக்கத்தில்தான் நின்றான். தலையைக் குனிந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

குளச்சலில் நடந்த போட்டியின் கடைசி ஆட்டத்தில் எங்கள் பையன்கள் ஜெயித்தார்கள். சிஜின் கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம் பேப்பரில் வந்தது. கோப்பைக்குக் கீழே கம்பெனியின் பெயர் நன்றாகப் படிக்கும்படி இருந்தது.

பிறகு மணல் அள்ளுவது பற்றி மக்களிடம் கருத்துக் கேட்கிற கூட்டம் நடந்தது. எங்கள் ஊரிலிருந்து வண்டி வண்டியாகப் போயிருந்தார்கள். கம்பெனிக்காரர்கள் மேடையில் பெரிய திரை கட்டி அந்தப் படத்தைப் போட்டார்கள். இந்தக் கரையின் இளைஞர்கள் எங்களோடு இருக்கிறார்கள் என்றார்கள். முன் வரிசையில் செசிலி அக்கா இருந்தாள். அவளுடைய வீட்டுக்காரரும் மூத்த மகளும் புற்றுநோயில் போனவர்கள். மணல்தான் காரணம் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நான் டாக்டர் இல்லை. செசிலி அக்கா திரையைப் பார்த்தாள். பேச எழுதி வைத்திருந்த தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் முற்றத்தில் ஊர் கூடியது. ஜெர்சிகளை வீடு வீடாக வாங்கி வந்து குவித்துத் தீ வைத்தார்கள். துணி உருகி நாற்றமடித்தது. யார் கம்பெனிக்காரனைக் கூட்டிவந்தது என்று ஊர்க் கமிட்டித் தலைவர் கேட்டார். கழகத்தில் பேச்சுவார்த்தை எல்லாம் நான் செய்வதுதான், ஆனால் ஊருக்குக் கழகம் என்றால் சிஜின்தான். பேப்பரில் வந்த முகம் அவனுடையது. எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

செசிலி அக்காதான் பேசினாள். "ஏலே சிஜினே, எனக்க மகளுக்க பெட்டியை நீதானே மக்கா தூக்கின. அந்தத் தோள்ல இந்தச் சட்டையைப் போட ஒனக்கு எப்பிடி மனசு வந்து?"

சிஜின் என்னைப் பார்த்தான். நான் தீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போட்டது நாந்தான் அக்கா" என்றான். அது பொய் இல்லை. அவன்தான் போட்டிருந்தான்.

அவனை ஊர்விலக்கு செய்தார்கள். அவன் மீனை யாரும் ஏலத்தில் எடுக்கக் கூடாது. அவன் படகில் யாரும் வேலைக்குப் போகக் கூடாது. அந்த வீட்டோடு பேச்சு கிடையாது. எல்லாம் முடிகிற நேரத்தில், என் படகில் பல வருஷமாக வேலை செய்கிற சிலுவைமுத்து மாமா எழுந்தார். "விலக்கு கரைக்கு மட்டும். கடல்ல ஒரு துணி ஆடிச்சின்னா, அதைப் பிசாசு ஆட்டினாலும் போவணும். அதையும் சேத்துச் சொல்லுங்க" என்றார். கமிட்டி ஒத்துக்கொண்டது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். செல்போன் எடுக்காத தூரத்தில் எஞ்சின் நின்றுபோனால் துடுப்பில் ஒரு சட்டையைக் கட்டித் தூக்கி ஆட்டுவோம். பார்த்தவன் வலையை அறுத்துப் போட்டுவிட்டாவது போக வேண்டும். கரையில் வெட்டுக்குத்து நடந்த குடும்பங்களாக இருந்தாலும் அப்படித்தான். எங்கள் கரைகளில் அதை மீறியவன் என்று ஒருவனையும் நான் கேள்விப்பட்டதில்லை.

லிஜா ஒருநாள் மத்தியானம் புறவாசல் வழியாக வந்தாள். அவளுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. என் மனைவி ஷீஜா அவளைக் கண்டதும் கஞ்சிச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஷீஜாவைக் குறை சொல்ல முடியாது, பேசினால் எங்களுக்கும் விலக்கு.

"அண்ணே, அவரு ஒத்தைக்கு ஒத்தையா கடலுக்குப் போறாரு. பழைய எஞ்சின். நீயாவது ஒரு ஆளை விடுவியா?"

"ஊரு பாத்துட்டு நிக்குதுட்டி. நான் என்ன செய்யட்டு?"

"ஊரு பாக்கட்டு. நீ எங்கோட்டுப் பாக்குக?"

அவள் கொஞ்ச நேரம் நின்றாள். போகும்போது கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் மகள் அஜிதாவின் புது உடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். "நல்ல நிறம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அஜிதாவுக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாரின் மகளுக்கும் இன்னாரின் மகனுக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று சாமியார் அறிவிப்பார். விலக்கில் இருக்கிற வீட்டுக்கு எங்கள் ஊரில் ஓலை வாசிக்க விடமாட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் அதைக் கேள்விப்பட்டால் அதோடு முடிந்தது. இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது.

மூன்றாவது ஓலைக்கு முந்தின வியாழக்கிழமை கரையில் எஞ்சினைக் கழுவிக்கொண்டிருந்தேன். சிஜின் வந்து படகு விளிம்பில் உட்கார்ந்தான். சுற்றி ஆள் இல்லை.

"நல்ல எஞ்சின் மச்சான். சத்தமே இல்ல."

"ஆமா."

"லிஜா தண்ணி பிடிக்கப் போனா பெண்டுகள் கொடத்தைத் தூக்கிட்டு மாறிப் போவுதுவ. அவ வந்து என்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டா. கொடத்தை வைக்கிற சத்தத்துல தெரியும்." அவன் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "ஞாயிற்றுக்கிழம பூசை முடிஞ்சு கம்பெனிக்காரன யாரு கூட்டிட்டு வந்ததுன்னு நீயே ஊருல சொல்லு மச்சான். நீ சொன்னா பொறுப்பாங்க. நான் சொன்னா ஒன்னையக் காட்டிக்குடுத்த மாதிரி இருக்கும்."

"அஜிதாவுக்கு அன்னைக்கு மூணாவது ஓலை."

"தெரியும். அதுக்குத்தான் பூசை முடிஞ்சுன்னு சொல்லுகேன். ஓலை வாசிக்கட்டு, பொறவு சொல்லு. அதுக்கு மேல என்னால முடியாது."

எனக்காக யோசித்துத்தான் பேசினான். எல்லாக் கோணத்திலும் பார்த்திருந்தான். ஆனால் ஓலை வாசித்த பிறகும் கல்யாணம் நடக்க வேண்டும், அதற்கு ஊர் வேண்டும் என்பதை அவன் பார்க்கவில்லை. சின்ன வயது. நான் சரி என்றேன். என் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனான்.

சனிக்கிழமை எங்கள் ஆட்கள் கல்யாணப் பந்தலுக்கு நின்றுவிட்டதால் நானும் சிலுவைமுத்து மாமாவும் மட்டும் கடலுக்குப் போனோம். காலையில் நல்ல கடல். திரும்புகிற நேரத்தில் காற்றே இல்லாமல் கடல் அடியிலிருந்து பொங்க ஆரம்பித்தது. எங்கள் பக்கத்தில் அதைக் கள்ளக்கடல் என்பார்கள். எங்கேயோ தூரத்தில் அடித்த புயலுக்கு இங்கே வந்து எழும்பும். நான் எஞ்சினை முழு வேகத்தில் வைத்துக் கரையைப் பார்த்து விட்டேன்.

அப்போதுதான் மேற்கே அந்த மஞ்சள் தெரிந்தது. அலை ஏறும்போது தெரியும், இறங்கும்போது மறையும். எரித்ததில் ஒரு ஜெர்சி தப்பி சிஜின் படகில் கிடந்திருக்கிறது. அதைத் துடுப்பில் கட்டி ஆட்டிக்கொண்டிருந்தான். வேறு எந்தச் சட்டையாக இருந்தாலும் அந்தத் தூரத்தில் தெரிந்திருக்காது. அவனையும் பார்த்தேன். அவனும் எங்களைப் பார்த்தான். என் படகின் நீல முகப்பு எந்தத் தூரத்திலும் அவனுக்குத் தெரியும். தெரிந்ததும் ஆட்டுவதை நிறுத்திவிட்டான். துடுப்பைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தான். வந்துவிடுவேன் என்று நினைத்திருப்பான்.

சிலுவைமுத்து மாமாவுக்குக் கண்ணில் புரை. கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். "ஏலே ஆன்ட்ரூஸ், மேக்க ஏதோ மஞ்சளா ஆடிச்சா?"

"வலைக்கொடி மாமா. யாரோ வலை போட்டிருக்கான்."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

"எனக்க கண்ணு போச்சு மக்கா. நீ பாத்தாச் சரி" என்று திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

நான் யாரையும் தள்ளிவிடவில்லை. அவன் எஞ்சினைத் தொடவில்லை. படகைத் திருப்பக்கூட இல்லை, போய்க்கொண்டிருந்த வழியில்தான் போனேன். வேறு ஏதாவது படகு அவனைப் பார்க்கலாம். பார்த்தால் போகத்தான் போகிறார்கள். அந்த ஜெர்சியை யாரும் கண்ணில் காணக் கூடாது என்று தீர்மானித்தது ஊர், நான் இல்லை. இதையெல்லாம் அப்போதே நினைத்தேனா, இங்கே வந்து படுத்துக் கிடக்கும்போது சேர்த்துக்கொண்டேனா என்று இப்போது பிரிக்க முடியவில்லை. எஞ்சின் சத்தமில்லாமல் ஓடியது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

சாயங்காலம் லிஜா கரைக்கு வந்தாள். ஒருவரும் அவளோடு பேசவில்லை. பிறகு செசிலி அக்கா போய் அவள் கையைப் பிடித்தாள், அதோடு எல்லோரும் பேசினார்கள். அலை கோயில் மதில்வரை ஏறி வந்துகொண்டிருந்தது, ஒரு படகையும் இறக்க முடியவில்லை. லிஜா என்னிடம் வந்து, "அண்ணே, நீ பாத்தியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அந்த நிலைமையில் யாராலும் என்ன செய்ய முடியும். நானும் அவளோடு ஈர மணலில் உட்கார்ந்திருந்தேன். அவள் என் தோளில் சாய்ந்திருந்தாள்.

மறுநாள் காலை கடல் அடங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. அன்று எல்லோரும் போகத் தயாராக நின்றார்கள். சாமியார் பூசையைச் சுருக்கி, ஓலையை மட்டும் வாசித்துவிட்டுக் ஜெபம் சொல்லிக் கடலை மந்திரிக்கக் கரைக்கு வந்தார். கமிட்டி விலக்கை எடுத்துவிட்டது. நல்ல எஞ்சின் என்னுடையது என்பதால் என் படகு முன்னால் போகட்டும் என்றார்கள். "நேத்து மேக்க ஏதோ மஞ்சளா கண்டேனே" என்றார் சிலுவைமுத்து மாமா. அது வலைக்கொடி என்றேன். எந்தப் பக்கம் தேடலாம் என்று தலைவர் என்னைக் கேட்டார். கிழக்கே, குளச்சல் பக்கம் என்றேன். எல்லாப் படகுகளும் என் பின்னால் கிழக்கே வந்தன.