எழுபத்திரண்டு படிக்கு ஒரு கயிறு

தலைமை வகிக்கும் மரண உதவிச் சங்கத் தலைவர் சுந்தரலிங்கம் ஐயா அவர்களே, மேடையிலிருக்கும் பெரியோர்களே, மேடையில் கதிரை கிடைக்காமல் முகம் வாடியிருக்கும் மற்றப் பெரியோர்களே, மஹய்யாவ ஊர் மக்களே, வணக்கம். இளைஞர் கழகத்தின் சார்பில் இரண்டு நிமிடம் பேசச் சொன்னார்கள். நேரம் கூடினால் மன்னிக்க வேண்டாம், கேட்டால் போதும்.

எனக்கு முன் பேசிய நான்கு பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: விதி. சமூகத் தொண்டர் இராமையா அண்ணன் மழையில் படியில் வழுக்கி விழுந்து இறந்தது விதியாம்! யார் போட்ட விதி?

கூட்ஸ் ஷெட் ஸ்டாண்டிலிருந்து ஓடும் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர் அவர். மிதிபலகையில் சறுக்கி ஒரு காலை இழந்தார். அதற்கும் ஊர் விதி என்றது. அவரும் நம்பி, ஒரு வருஷம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். பிறகு எழுந்தார். நம் வீடுகளிலிருந்து ரோட்டுக்கு இறங்கும் எழுபத்திரண்டு படிக்கும் ஓரமாகக் கயிறு கட்டினார்!

"ஏன் இப்படி ஆச்சுன்னு சாமிகிட்ட கேக்கலையா அண்ணே?" என்றேன்.

"கேட்டேன்டா. பதில் வர்ற வரைக்கும் சும்மா இருக்க முடியல. அதான் கயிறு வாங்கினேன்."

ஒருநாள் விளையாட்டுக்கு அவருடைய ஊன்றுகோலை அந்தக் கயிற்றோடு சேர்த்து முடிந்து வைத்தது நான்தான். திட்டுவார் என்று பார்த்தால், "முடிச்சு நல்லாருக்கு, மேல்படியிலயும் நீயே கட்டு" என்று வேலை கொடுத்துவிட்டார். மேல்வீட்டு சிந்துஜா அக்கா நிறைமாசத்தில் அந்தக் கயிற்றைப் பிடித்துத்தான் ஆஸ்பத்திரிக்கு இறங்கினார்.

பத்து நாளைக்கு முன் நம் கழகத்து நிரஞ்சனின் அப்பா காலமானார். பெட்டி இறங்க வழி வேண்டுமென்று கயிற்றை அவிழ்த்தோம். பெட்டி போனதும் கட்டியிருக்கலாமே? "தீட்டுப் பட்ட கயிறு, எட்டாம் நாள் சடங்கு கழியட்டும்டா" என்றீர்கள், தலைவர் ஐயா. செத்தவருக்கு உடனே வழிவிட்டோம். உயிரோடிருப்பவருக்கு நாள் பார்த்தோம்!

கயிறு எங்கே இருந்தது? எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேல். யார் பேச்சையும் கேட்காத நான், கேட்கவே கூடாத அந்த ஒரு பேச்சைக் கேட்டுத் தொலைத்தேன்.

நான்காம் நாள் அண்ணன் வீட்டுக்கு வந்தார். "கயித்த குடுடா."

"எட்டு கழியணுமாம் அண்ணே."

"உங்க தலைவர ஒத்தக் கால்ல இறங்கிப் பாக்கச் சொல்லு" என்று சிரித்துவிட்டுப் போனார். மறுநாள் மழை. அண்ணன் வழுக்கி விழுந்ததைக் கீழே கடை வைத்திருக்கும் றம்லத் ராத்தா பார்த்திருக்கிறார். "கயிறு இருந்த பக்கத்துக்கேதான் கைய நீட்டினாரு, மகன்" என்று அழுதார்.

இதுவா விதி?

அந்த எட்டு முடிவதற்குள் இவர் போனார். இப்போது இவருக்கும் எட்டு கழிய வேண்டுமாம்! அதற்குள் இன்னொருவர் விழுந்தால் அவருக்கும் எட்டா? நான் சாமியைக் குறை சொல்லவில்லை. அண்ணன் ஒரு வெள்ளிக்கிழமை கோயிலைத் தவறவிட்டதில்லை. அவருடைய சாமி அவரைக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னதில்லை.

'அன்னாரின் பணியைத் தொடர்வோம்' என்று இந்த இடத்தில் சொல்வது வழக்கம். நான் கயிற்றையே கொண்டுவந்திருக்கிறேன். தீட்டென்றால் என்னோடு போகட்டும். மேல்படியில் நான் முடிச்சுப் போடுகிறேன். கீழ்ப்படியில் இழுத்துப் பிடிக்க ஆள் வேண்டும். கூட்டம் கலைந்த பிறகு இல்லை, இப்போதே. யார் வர்றீங்க?

தலைவர் ஐயா, முதலில் உங்களைத்தான் கேட்கிறேன்.